தபால்பெட்டியில் மூன்றாவது பெயர்

என் தம்பியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும். ஸ்விஸில், ஊஸ்டர் என்ற ஊரில் நாங்கள் முதன்முதலாகத் தனியாக எடுத்த வீட்டின் தபால்பெட்டியில், கணவரின் பெயருக்கும் என் பெயருக்கும் கீழே அவனுடைய பெயரை என் கையால் எழுதி ஒட்டினேன். பிறகு நடந்ததெல்லாம் அந்தத் துண்டுக் காகிதத்தால் நடந்தது.

அது விசர் பிடித்துச் செய்த வேலை இல்லை. எங்களைப் போல வந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும், மற்றவர்களுக்குத்தான் விளக்க வேண்டும். அந்த நாட்களில் ஊரிலிருந்து அகதியாக வெளிக்கிட்ட யாரும் தங்கள் சொந்தப் பத்திரங்களோடு விமானம் ஏறியதில்லை. காசுக்கு ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடுகிற ஏஜென்சிக்காரன் கொடுத்த பாஸ்போர்ட்டில் வேறு யாரோ ஒருவருடைய பெயர் இருக்கும். சட்டைப்பையில் உண்மையான அடையாள அட்டை அகப்பட்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். அதனால் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டுத் தங்கள் பெயருக்கே, முன்னமே போய்ச் சேர்ந்த உறவினரின் முகவரிக்கு அனுப்பிவிட்டுத்தான் புறப்படுவார்கள். ஆள் எத்தனையோ நாடு சுற்றி வந்து சேரும்போது, ஆளுக்கு முன்னால் பத்திரங்கள் வந்து காத்திருக்கும்.

என் கணவரும் அப்படித்தான் அனுப்பினார். அவர் வந்து சேர்ந்தார், உறை சேரவில்லை. அவர் நண்பர்களோடு தங்கியிருந்த அறையின் தபால்பெட்டியில் அவர் பெயர் இல்லை என்று தபால்காரர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். மட்டக்களப்புக்குத் திரும்பிப் போகிற வழியில் அது எங்கேயோ தொலைந்துபோனது. "கன காலம் நான் இந்த நாட்டில பிறக்காத ஆளாத்தான் இருந்தனான்" என்று அவர் பகிடியாகச் சொல்லுவார். அந்தப் பகிடிக்குச் சிரித்துவிட்டு நான் உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன். தம்பி எங்கேயாவது தப்பியிருந்து, தன் பத்திரங்களை எனக்கு அனுப்பி, பெட்டியில் பெயர் இல்லை என்று அவை திரும்பிப் போனால்?

தம்பியை ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். அப்போது நான் ஊரில்தான் இருந்தேன். சைக்கிளில் கடைக்குப் போனவன். சைக்கிள் சந்தியில் விழுந்து கிடந்தது என்று சொன்னார்கள், நாங்கள் போய்ப் பார்த்தபோது அதுவும் இல்லை. அம்மாவும் நானும் ஏறாத ஆமி முகாம் இல்லை. எங்கே கேட்டாலும் அப்படி ஒருவரையும் பிடிக்கவில்லை என்ற ஒரே பதில்தான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. முன்பல் ஒன்றில் சின்னதாக ஓர் உடைவு இருக்கும், அதை மறைக்க வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பான். கணவரிடம் ஸ்விஸுக்கு வர எனக்கு விசா கிடைத்தபோது அம்மாவையும் வரச் சொல்லிக் கெஞ்சினேன். "நீ போ மனே. அவன் வந்து பாக்கக்குள்ள வீட்டில ஆள் இல்லாட்டி எங்க போவான்?" என்று சொல்லிவிட்டார்.

ஊஸ்டர் வீட்டில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு ஸ்பானியத் தம்பதி இருந்தார்கள். அவருக்கு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை, மனைவி மாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவார். நாங்கள் பெட்டிகளோடு வந்து இறங்கிய அன்றே அந்த அம்மா, உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டுத் தடிப்பாகப் பொரித்த ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். எங்கள் பெயரைக் கேட்கவில்லை. "கீழே பெட்டியில் பெயர் போட்டாயா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். "முதலில் அதைச் செய். பெயர் இல்லையென்றால் தபால்காரனுக்கு நீ இந்த நாட்டில் இல்லை" என்றார். அவருடைய ஜெர்மனும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்ததாலோ என்னவோ எங்களுக்குள் கதை விளங்காமல் போனதே இல்லை.

அன்று பின்னேரமே பெயர்களை எழுதினேன். முதலில் இரண்டுதான் எழுதினேன். பசை காய்வதற்குள் பேனையை எடுத்து மூன்றாவதையும் எழுதிவிட்டேன். கணவர் வேலையால் வந்து, பெட்டியைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்தார்.

"என்னத்துக்கு?" என்றார்.

"உங்கட உறை திரும்பிப் போனமாதிரி அவன்ர உறையும் போகக்கூடாது."

அவர் மறுத்துக் கதைத்திருக்கலாம். கதைக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு ஒரு தனி அன்பு உண்டு.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதரை இங்கே அப்வார்ட் என்பார்கள். எங்கள் அப்வார்ட்டுக்குக் காகிதத் துண்டு என்றால் கண்ணில் தூசி விழுந்தமாதிரி. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கதவைத் தட்டி, மூன்றாவது ஆள் யார், எங்கே என்று கேட்டார். என் தம்பி, வருவான் என்றேன். எப்போது என்றார். சீக்கிரம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய், மற்ற வீட்டுக்காரர்களுக்கு இருக்கிற மாதிரியே பிளாஸ்டிக் தகட்டில் மூன்று பெயரையும் வெட்டி எழுதுவித்துக் கொண்டுவந்து பூட்டினார். என் கோணல் எழுத்துப் போய், தம்பியின் பெயர் அச்சடித்தாற்போல் நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏதோ செய்தது. அவன் பெயர் அவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டு நான் ஊரில்கூடக் கண்டதில்லை.

அதன் பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கட்டடத்தில் குடியேறினான். கோடையில் தோட்டத்தில் கூடிச் சாப்பிடுவதற்கு அப்வார்ட் அழைப்புப் போட்டபோது, பெட்டியில் எங்கள் இருவருக்கும் ஒன்று, அவனுக்குத் தனியாக ஒன்று கிடந்தது. விருந்து முடிந்து நாங்கள் மேலே வரும்போது அந்த மனிதர், வராதவருக்கு என்று ஒரு வாட்டிய சோளப்பொத்தியை வெள்ளித்தாளில் சுற்றி என் கையில் தந்தார். கொண்டுவந்து மேசையில் வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்தால், ஆளில்லாத கதிரைக்கு முன்னால் சாப்பாடு. எங்கள் வீடுகளில் அப்படி யாருக்குப் படைப்போம் என்று உங்களுக்குத் தெரியும். உடம்பு கூசிவிட்டது. அவசரமாக எடுத்து இரண்டாக முறித்து, ஒன்றைக் கணவரின் கையில் திணித்து, மற்றதை நின்றநிலையிலேயே கடித்துத் தின்று முடித்தேன். அவனுடைய படத்தைக்கூட நான் சுவரில் மாட்டவில்லை. தனியாகச் சட்டம் போட்டு மாட்டினால் யாராவது விளக்கைத் தேடுவார்கள்.

அம்மாவின் கடிதங்கள் மாதம் ஒன்றாவது வந்துகொண்டிருந்தன. கடிதங்களை வழியில் உடைத்துப் பார்க்கிறார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் அம்மா தம்பியைப் பற்றி நேரே எழுதமாட்டார். கடைசி வரியில் "சைக்கிள் இன்னும் கிடைக்கல்ல" என்று மட்டும் இருக்கும். நான் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் அந்தக் கடைசி வரியைத்தான் பார்ப்பேன். பார்த்துவிட்டுத்தான் மழை பெய்ததையும் மாடு கன்று போட்டதையும் படிப்பேன்.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜெர்மன் வகுப்புக்குப் போனேன். குளிருக்குப் பழகினேன், குப்பையைப் பிரித்துப் போடப் பழகினேன், ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடாமல் இருக்கப் பழகினேன். கீழ்வீட்டு அம்மா ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஸ்பெயினுக்குப் போய், தங்கள் கிராமத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஏதாவது ஒன்று சேர்த்துவிட்டு வருவார். ஒரு வருடம் கூரை, ஒரு வருடம் ஓடு பதித்த குளியலறை. அடுத்த வருடம் போய்விடுவோம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். வாழ்க்கை இப்படியே ஒரு மாதிரி இழுபட்டுக்கொண்டு போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை சூரிச்சில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். நாள் முழுக்க மழை. மறுநாள், கட்டடத்துக்குப் பொதுவான மெஷினில் எங்கள் உடுப்புத் தோய்க்கிற முறை. நிலக்கீழ் அறையில் நான் மெஷினுக்குள் துணிகளைப் போட்டுக்கொண்டிருக்க, கீழ்வீட்டு அம்மா தன் காய்ந்த துணிகளை எடுக்க வந்தார்.

"நேற்று உன் தம்பியைக் கண்டேன்" என்றார்.

என் கையில் கணவரின் வேலைச் சட்டை இருந்தது. அதை இறுக்கிப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

"எங்கே?"

"வாசலில், பெட்டிக்கு முன்னால். பெயரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மேலே ஏறினான். நீங்கள் இல்லை. பெல் அடித்துவிட்டுக் கனநேரம் படியில் இருந்தான். நான் பார்த்துத் தலையாட்டினேன், அவனும் ஆட்டினான். நல்ல மரியாதையான பிள்ளை. ஏன், அவனிடம் சாவி இல்லையா?"

எப்படி இருந்தான் என்று கேட்டேன். மெலிவு, கறுப்பு, நனைந்த தலை, உடம்புக்குப் பெரிய ஒரு ஜாக்கெட், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பல்லைப் பார்த்தீர்களா, முன்பல் உடைந்திருந்ததா என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அவன் சிரிக்கவில்லையே" என்றார். வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். மனம் அப்படித்தானே, தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும்.

கணவர் தன்னால் முடிந்தவரைக்கும் சொல்லிப் பார்த்தார். மெலிந்த, கறுத்த, பெரிய ஜாக்கெட் போட்ட பொடியன் என்றால் அகதிக் காம்பில் இருக்கிற அத்தனை பேரும்தான் என்றார். உண்மைதான். தர்மத்துக்குக் கிடைத்த ஜாக்கெட் யாருக்கும் அளவாக இருந்ததில்லை. ஆனால் என் தம்பி வந்தான், மழையில் வந்தான், வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பிப் போனான் என்பது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அம்மா பயந்தது ஊரில் நடக்கவில்லை, என் வாசலில் நடந்துவிட்டது. நான் எதற்குப் பிறந்தநாளுக்குப் போனேன் என்று என்னையே ஏசினேன். கேக் தின்னப் போனேன்!

வீடு தரும்போது மூன்று சாவி தந்திருந்தார்கள். மூன்றாவதைக் கொண்டுபோய்க் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன், தம்பி வந்தால் கொடுங்கள் என்று. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டை விட்டு அசையவில்லை. கல்யாணவீடு, கோயில், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் கணவர் தனியாகப் போய், எனக்குத் தலையிடி என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். படியில் யார் ஏறினாலும் காலடியை எண்ணாமல் என்னால் இருக்க முடியவில்லை. எங்கள் தளத்துக்கு வராமல் அது நின்றுவிட்டால் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். பஸ் கண்ணாடியில், ரயில் நிலைய மேடையில், இல்லத்துக்குப் பாண் கொண்டுவருகிற பேக்கரி வானின் முன் இருக்கையில், எங்கும் அவனைக் கண்டேன். ஒருமுறை ஒருவனைப் பின்தொடர்ந்துபோய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பியவன் எரித்திரியாக்காரன். அவன் என்மேல் கோபப்படாமல், யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டான். அதற்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த மாரிக் குளிர் முடியும்போது இன்னொன்றைக் கவனித்தேன். அம்மாவின் கடிதங்களில் சைக்கிள் வரி நின்றுபோயிருந்தது. முதலில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த கடிதத்திலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. அதுமட்டுமல்ல, கடிதங்களில் ஒரு தெளிவு வந்திருந்தது. வேலி அடைத்தாராம். கோயில் திருவிழாவுக்குப் புதுச் சேலை உடுத்தாராம். என் மனதில் பட்டது இதுதான்: அம்மா அவனைக் கைவிட்டுவிட்டார். அவன் இல்லை என்று தன் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார். நான் இங்கே அவனுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்க, பெற்றவர் அங்கே சேலை உடுத்துகிறாரா என்று எனக்குக் கோபம் வந்தது. பொல்லாத கோபம். இரண்டு கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

சித்திரைப் பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால், தபால்காரர் பெல் அடித்து, கொழும்பு முத்திரை போட்ட ஒரு பொதியை நீட்டினார். தம்பியின் பெயரைத் திக்கித் திக்கி வாசித்து, அவர் இருக்கிறாரா என்று கேட்டார். நான் பொதியைப் பார்த்தேன். பெறுநர் இடத்தில் அவன் பெயர்தான் இருந்தது. கீழே எங்கள் தெரு, எங்கள் இலக்கம், ஊஸ்டர். பத்திரங்கள் வந்துவிட்டன என்றுதான் நினைத்தேன். அவன் உயிரோடு இருக்கிறான், புறப்பட்டுவிட்டான். பொதியை வாங்கக் கையை நீட்டினேன். தபால்காரர் நல்ல மனிதர். "வேலைக்குப் போயிருப்பார். நீங்கள் கையெழுத்து வைத்தால் போதும்" என்றார்.

உள்ளே பத்திரம் ஒன்றும் இல்லை. ஒரு பை நிறையக் கஜுக்கொட்டை, கோயில் நூல், திருநீறு, புதிதாகத் தைத்த இரண்டு ஆண்கள் சட்டை. அம்மாவின் தையல்காரனின் காலர் எனக்குத் தெரியும். ஊர்த் தபாலில் அந்தப் பெயரை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கொழும்புக்குப் போகிற ஆளிடம் கொடுத்துப் போடுவித்திருக்கிறார். சட்டையை விரித்துப் பிடித்தேன். தம்பி போட்ட அளவு இல்லை அது. தோள் அகலம், கை நீளம். அம்மா அவனை இத்தனை வருடம் வளரவிட்டு, வளர்ந்த அளவுக்குத் தைத்திருந்தார்.

அம்மாவோடு பேசுவதென்றால் நகரத்தில் ஒரு தொலைபேசிக் கடைக்கு அவர் வரவேண்டும். நாளும் நேரமும் கடிதத்தில் எழுதி, அந்த நேரத்துக்கு நான் இங்கிருந்து எடுக்கவேண்டும். கடையில் எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். யார் நிற்கிறார்கள், யாருக்குச் சொல்வார்கள் என்று தெரியாது. அன்று அம்மாவின் குரல் சிறுபிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"சட்டை அளவா மனே?"

"ஆருக்கம்மா?"

"ஆருக்கா? அங்க இருக்கிற ஆளுக்குத்தான்."

ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன். "ஆரம்மா உங்களுக்குச் சொன்னது?"

"நம்மட கோயிலடிப் பொடியன் ஒருத்தன் வில் எண்ட ஊர்ல காம்பில இருக்கானாம். கார்த்திகை மாசம், ஒரு ஞாயிறு, உங்களப் பாக்க வந்தானாம். நல்ல மழையாம். வீட்டில ஒருத்தரும் இல்லையாம். ஆனா பெட்டியில பேர் வெட்டிக் கிடந்திச்சாம், மூண்டு பேரும். தொட்டுப் பாத்தானாம். தன்ட தங்கச்சிக்காரிக்கு போன்ல சொல்லி, அவள் ஓடி வந்து என்ட காதுக்குள்ள சொன்னாள்." அம்மா குரலை இன்னும் தாழ்த்தினார். "நீ பேர் சொல்லாத மனே. ஆக்கள் நிக்குதுகள். நீ கடிதத்தில எழுதாததும் அதுக்குத்தான் எண்டு எனக்குத் தெரியும். நானும் அதுதான் சைக்கிள் கதையை விட்டன். நல்லாச் சாப்புடுறானா?"

என் வாசலுக்கு வந்தவன் யார் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. படியில் இருந்த நனைந்த தலை, பிளாஸ்டிக் பை, மூடிய வாய் எல்லாம் கோயிலடிப் பொடியனுடையவை. அத்தனை மாதமும் நான் கதவைத் திறந்து வைத்தது அவனுக்கு. நான் தம்பியை இழந்த நாள் எது என்று கேட்டால் சுற்றிவளைப்பு நடந்த நாளைச் சொல்லமாட்டேன், இந்த நாளைத்தான் சொல்வேன். அதே நேரத்தில், என் காதுக்குள்ளேயே, அம்மா அவனைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"சாப்புடுறானா மனே?"

"ஓம்" என்றேன்.

அன்று இரவு முழுக்க அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. திருகாணி கழற்றுகிற சாமானை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அந்தத் தகட்டைப் பிடுங்கி எறியத்தான் போனேன். பெட்டிக்கு முன்னால் நின்றபோது யோசனை வந்தது. பெயரைக் கழற்றினால் அதையும் ஒருவன் வந்து பார்த்துவிட்டு அம்மாவுக்குச் சொல்லுவான். நல்ல செய்தி கொண்டுபோன வேகத்தில் இதுவும் போகும். சாமானைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

கணவர் வில் ஊர்க் காம்புக்கு போன் எடுத்து அந்தப் பொடியனோடு கதைத்தார். அவன் ஒளிக்கவில்லை. "அம்மா பாவம், நல்ல சேதி ஒண்டு சொல்லுவம் எண்டு நினைச்சன் அண்ணை. காகிதத்தில எழுதி ஒட்டியிருந்தா யோசிச்சிருப்பன். வெட்டியெல்லோ பூட்டியிருந்தது" என்றானாம். அவனை எப்படி ஏசுவது? அப்வார்ட்டைத்தான் ஏசலாம், சுத்தமாக இருந்ததற்காக.

அதன் பிறகு தொலைபேசியில் அம்மா கேட்பார், நான் ஓம் என்பேன். ஆளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுதோ? ஓம். வேலை கிடைச்சிட்டோ? ஓம். ஒருமுறை சாதகத்தைக் காட்டினாராம், ஆயுள் கெட்டி என்றானாம் சாத்திரி. அவனுக்குக் கல்யாணத்துக்கு ஒரு இடம் பார்ப்போமா என்று கேட்டபோது மட்டும் "இப்ப வேண்டாம் அம்மா" என்றேன். "நீ அவனுக்குப் பரிஞ்சு கதைக்கிறாய்" என்று அம்மா சிரித்தார். ஒரு தடவைகூட அவனைக் கூப்பிடு, நான் பேசவேண்டும் என்று கேட்டதில்லை. மகனின் குரலைக் கேட்டால் யாராவது காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். கேட்காமல் இருப்பதுதான் அவனுக்குக் காவல் என்று நம்பினார். நான் பொய் சொல்லவில்லை என்று கணவரோடு எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன். "ஓம் எண்டதும் பொய்தானே" என்பார் அவர்.

கடைசியில் கீழ்வீட்டுக்காரர்கள் உண்மையாகவே ஸ்பெயினுக்குப் போனார்கள். போகிற அன்று அந்த அம்மா சாவியைத் திருப்பித் தந்தார். "அவன் கடைசிவரைக்கும் என்னிடம் சாவி கேட்கவே இல்லை. அவனிடமே கொடு. நான் விசாரித்தேன் என்று சொல்" என்றார். சொல்கிறேன் என்றேன். அவரிடம் உண்மையைச் சொல்ல ஒரு தடையும் இல்லை, ஸ்பெயினில் போய் யாருக்குச் சொல்லப்போகிறார்? ஆனாலும் சொல்லவில்லை. தபால்பெட்டியிலிருந்த தங்கள் பெயர்த் தகட்டை அவர் அப்வார்ட்டிடம் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு அட்டை வந்தது. புது வீட்டு வாசலில் அந்தத் தகட்டைப் பூட்டியிருக்கிறாராம். ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும், தபால்காரர் பார்த்துச் சிரிக்கிறாராம். எல்லோரும் தன்னை ஸ்விஸ்காரி என்கிறார்களாம். இத்தனை வருடம் திரும்பி வரத்தானே உழைத்தேன், வந்த பிறகு தூக்கம் வரவில்லை, அங்கே படிக்கட்டில் கேட்கிற காலடிச் சத்தம் இங்கே இல்லை என்று எழுதியிருந்தார். கடைசியில், தம்பி நலமா என்று கேட்டிருந்தார். ஸ்பெயினில் ஒரு கிராமத்திலும் அவன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அட்டையைக் கனநாள் வைத்திருந்தேன்.

அம்மா போன செய்தி ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, நகரத்துக் கடையிலிருந்து எடுத்தார். காலையில் கிணற்றடியில் விழுந்தவர் எழும்பவில்லையாம். நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாமா கொஞ்சநேரம் என்னை அழவிட்டார். பிறகு கேட்டார்.

"அவன் வெளிக்கிட்டிட்டானா புள்ள?"

"ஆர் மாமா?"

"ஆரா? அக்கா சாகுமட்டும் பொத்திப் பொத்தி வைச்சா. எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியா? ஊருக்கே தெரியும். நாளையிண்டைக்கு வரைக்கும் உடம்பை வைச்சிருக்கலாம். கொழும்பில இருந்து ஆக்களப் பிடிச்சு நான் கூட்டி வாறன், பயமில்ல. கொள்ளி வைக்க அவனை விட்டா ஆர் இருக்கு? ஒரே ஒரு ஆம்புளப் புள்ள."

கணவர் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் கேட்டது. "இப்ப சொல்லு. இனி ஆருக்கு ஒளிக்கிறாய்?" என்று மெல்லச் சொன்னார். அவர் சொன்னது சரி. ஒளித்தது அம்மாவுக்காக, அம்மா போய்விட்டார். மாமா பொறுமையாகக் காத்திருந்தார். அவன் இங்கே இல்லை மாமா, ஒருநாளும் வந்ததில்லை, பிடித்த அன்றைக்கே செத்திருப்பான். இவ்வளவுதான் சொல்லவேண்டும். வாயைத் திறந்தேன். அந்தச் சொற்களை நான் அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை, எனக்குக்கூடச் சத்தமாகச் சொன்னதில்லை.

"அவனுக்கு வரேலாது மாமா" என்று வந்தது.

 மாமா வெடித்தார். "வரேலாதோ? தாய் செத்துக் கிடக்கிறா, வரேலாதோ? சட்டை தைச்சுத் தைச்சு அனுப்பின மனிசி! மனுசனா அவன்? குடு போனை. அவனிட்டக் குடு புள்ள, நான் கேக்கிறன்!"

நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அறையை நோக்கி நீட்டிப் பிடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. மாமாவின் குரல் எங்கள் சின்ன வரவேற்பறைக்குள் இரைந்தது. நன்றி கெட்டவன் என்றார். வெளிநாட்டுக் குளிரில் நெஞ்சு விறைத்துப்போனவன் என்றார். தோளில் தூக்கிக்கொண்டு வாவிக்கரையில் திரிந்த தன் கையை வெட்டவேண்டும் என்றார். நேரில் வந்தால் செருப்பால் அடிப்பேன் என்றார். ஆணியில் தொங்கிய மூன்றாவது சாவியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கொள்ளியை மாமாதான் வைத்தார். தாயின் செத்தவீட்டுக்கு வராதவன் என்று ஊரில் இன்றைக்கும் என் தம்பியை ஏசுகிறார்கள். எனக்கு மனவருத்தம் என்று நினைத்து என் முன்னால் அடக்கிக் கதைப்பார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வேன்? இத்தனை வருடமும் முகாம் வாசலிலும் மற்ற இடங்களிலும் அவனைப் பாவம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முதன்முதலாக அன்றைக்குத்தான் ஒருவர் அவன்மேல் கோபப்பட்டார். செத்தவனை எங்கள் ஊரில் யாரும் ஏசமாட்டார்கள். ரிசீவரைப் பிடித்த கை வலித்தும் நான் மடக்கவில்லை. இன்னும் ஏசுங்கோ மாமா, நிப்பாட்டாமல் ஏசுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.